வாகனத்துக்கு கேஸ் போட முன்னர் போட வேண்டிய கணக்கு

வியாபாரிகள் இருவர் சந்தித்தால் முன்பெல்லாம் சரக்கு விலையைப் பேசுவார்கள். இப்போது வாகனச் செலவைத்தான் முதலில் பேசுகிறார்கள். கடைக்குச் சரக்கு ஏற்றி வருவதும் வாடிக்கையாளருக்கு இறக்கிக் கொடுப்பதும் இலாபத்தின் பெரும் பகுதியைத் தின்று விடுகின்றது. அதனால்தான் வேனுக்கு, ஜீப்புக்கு, சிறிய லொறிக்கு கேஸ் பொருத்தினால் என்ன என்ற பேச்சு நம்மவர்கள் மத்தியில் அவ்வப்போது எழுகிறது. இது பற்றி எழுதுமாறு வாசகர்கள் சிலரும் கேட்டிருந்தனர்.

நான் மெக்கானிக் அல்லன். ஹாட்வெயார் வியாபாரி. ஆனால் 2003 தொடக்கம் ஏழு வருடங்கள் எமது கடையின் பெற்றோல் வேனை கேஸில் ஓட்டியிருக்கிறோம். அதன் கணக்குக் கொப்பி இன்றும் என்னிடம் இருக்கின்றது. எனவே இக்கட்டுரை ஒரு வியாபாரியின் கண்ணால் எழுதப்படுவது. கேஸ் நல்லதா கெட்டதா என்பதல்ல இங்கே கேள்வி. உங்கள் வாகனத்துக்கும் உங்கள் ஓட்டத்துக்கும் அது இலாபமா என்பதே கேள்வி.

இந்த கேஸ் என்பது என்ன?

நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் எல்.பி. கேஸ் புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. 2021 இன் இறுதியில் வீடுகளில் சிலிண்டர் விபத்துகள் நடந்தபோது இந்த இரண்டு பெயர்களும் நாடெங்கும் அடிபட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அமுக்கத்தில் இவை திரவமாக இருக்கும். அமுக்கம் குறைந்தால் வாயுவாக மாறும். புரொப்பேன் சைபருக்குக் கீழே 42 பாகை செல்சியஸில் கொதிக்கின்றது. பியூட்டேன் ஏறத்தாழ சைபர் பாகையிலேயே கொதிக்கின்றது. அமெரிக்கா போன்ற குளிர் நாடுகளில் வாகனங்களுக்குப் பெரும்பாலும் புரொப்பேனையே பாவிப்பதற்குக் காரணம் இதுதான். வெப்ப நாடுகளில் பியூட்டேன் கூடிய கலவையும் வேலை செய்யும்.

வாகனங்களை கேஸில் ஓட்டுவது உலகத்துக்குப் புதிதல்ல. துருக்கியில் நாற்பது இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் கேஸில் ஓடுகின்றன. இத்தாலியிலும் தென் கொரியாவிலும் இது பல பத்தாண்டுப் பழக்கம். நமது நாட்டிலும் இன்று பெரிய குழுமமாக வளர்ந்திருக்கும் லாஃப்ஸ், 1995 இல் வாகனங்களுக்கு கேஸ் பொருத்தும் தொழிலோடுதான் ஆரம்பமானது.

எந்த வாகனத்துக்குப் பொருத்தலாம்?

இதைத்தான் முதலில் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். கேஸ் பொருத்துவது பெற்றோல் என்ஜினுக்கு. டீசல் என்ஜினுக்கு அல்ல.

பெற்றோல் என்ஜினில் பிளக் தீப்பொறி கொடுத்து எரிபொருளைப் பற்ற வைக்கிறது. கேஸுக்கும் அதே தீப்பொறிதான் தேவை. டீசல் என்ஜினில் பிளக் கிடையாது. காற்றை பதினாறு, இருபது மடங்கு அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. கேஸ் அப்படி எளிதில் தானாகப் பற்றாது. எனவே டீசல் லொறியை முழுமையாக கேஸில் ஓட்ட வேண்டுமானால் என்ஜின் தலையைத் திறந்து, அமுக்கத்தைக் குறைத்து, பிளக்கும் அதற்குரிய மின் அமைப்பும் பொருத்த வேண்டும். அல்லது என்ஜினையே மாற்ற வேண்டும். டீசலோடு கொஞ்சம் கேஸைக் கலந்து எரிக்கும் முறையும் உண்டு. ஆனால் அதில் டீசலை முற்றாக நிறுத்த முடியாது. அளவு தவறினால் என்ஜின் தட்டும், பிஸ்டன் போய்விடும்.

இதற்கு ஹொங்கொங் நல்ல உதாரணம். 2000 ஆம் ஆண்டிலிருந்து அங்குள்ள டீசல் டாக்சிகளை கேஸுக்குக் கொண்டுவர அரசாங்கம் முடிவு செய்தது. பழைய டீசல் என்ஜின்களைத் திருத்திக் கொண்டிருக்கவில்லை. வாகனத்தையே மாற்றுவதற்கு ஒரு டாக்சிக்கு 40,000 ஹொங்கொங் டொலர் உதவி கொடுத்தார்கள். சில வருடங்களில் ஏறக்குறைய எல்லா டாக்சிகளும் கேஸுக்கு மாறின. தென் கொரியாவிலும் இதுதான் நடந்தது. பொதி விநியோகத்துக்கான சிறிய லொறிகளை டீசலில் புதிதாகப் பதிவதை 2024 ஜனவரியிலிருந்து அங்கே தடை செய்தனர். அதற்கு முன்னரே ஹியுண்டாய் போர்ட்டர், கியா போங்கோ லொறிகள் கேஸ் என்ஜினோடு தொழிற்சாலையிலிருந்தே வரத் தொடங்கிவிட்டன. பணமும் தொழில்நுட்பமும் உள்ள நாடுகளே டீசல் என்ஜினை நோண்டாமல் புதிய என்ஜினுக்குப் போயிருக்கின்றன. நம்மிடம் உள்ள டீசல் லொறியை மலிவாக மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் இந்த இரண்டு உதாரணங்களையும் நினைவில் வையுங்கள்.

மலைநாட்டு ஜீப்புகளின் கதை

மலைப்பாதையில் மரக்கறியும் தேயிலையும் ஏற்றும் பழைய பெற்றோல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசேட விடயம் உண்டு. பழைய காபரேட்டரில் பெற்றோல் ஒரு சிறு கிண்ணத்தில் நிற்கும். அதன் மட்டத்தை ஒரு மிதவை பார்த்துக்கொள்ளும். செங்குத்தான ஏற்றத்திலோ பள்ளத்திலோ ஜீப் சரியும்போது அந்தக் கிண்ணத்துப் பெற்றோலும் சரியும். என்ஜின் இருமும், சில வேளை நின்றுவிடும். கேஸில் கிண்ணமும் இல்லை, மிதவையும் இல்லை. வண்டி எந்தப் பக்கம் சரிந்தாலும் வாயு ஒரே சீராகப் போகும். அமெரிக்காவில் பாறைகளில் ஏறும் ஜீப்காரர்கள் புரொப்பேனை விரும்புவது இதனால்தான்.

ஆனால் இதிலும் கவனம் வேண்டும். பழைய முறையில் பொருத்தும்போது வாயு காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பலம் பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம். முழுச் சுமையோடு ஏற்றத்தில் அது தெரியும். இரண்டாவது, ஈயம் கலந்த பெற்றோல் காலத்து என்ஜின்களில் வால்வு அமரும் இடம் மென்மையானது. அதில் கேஸைப் போட்டால் அது விரைவில் தேயும். கடினமான வால்வு சீட் போடும் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

என்ன பொருத்துகிறார்கள்?

கேஸ் டாங்கி, அதன் தலையில் பல வேலை செய்யும் ஒரு வால்வு, அங்கிருந்து முன்னுக்கு வரும் குழாய், திரவத்தை வாயுவாக்கும் ரெடியூசர், பிறகு காபரேட்டர் வாகனமென்றால் ஒரு மிக்ஸர், இன்ஜெக்ஷன் வாகனமென்றால் கேஸ் இன்ஜெக்டர்களும் ஒரு கணினிப் பெட்டியும். ஓட்டுநர் பக்கத்தில் பெற்றோலுக்கும் கேஸுக்கும் மாற்றும் ஒரு சுவிட்ச்.

திரவம் வாயுவாக மாறும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே ரெடியூசருக்கு ரேடியேட்டர் தண்ணீரின் சூடு போகிறது. தண்ணீர் குறைந்தால் ரெடியூசரில் பனி பிடித்து என்ஜின் நின்றுவிடும். இதனால்தான் காலையில் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, என்ஜின் சூடான பிறகு கேஸுக்கு மாற்ற வேண்டும். கேஸில் ஓடுகிறதே என்று பெற்றோல் டாங்கியைக் காய விடுபவர்கள் இருக்கிறார்கள். இன்ஜெக்ஷன் வாகனங்களில் டாங்கிக்குள் இருக்கும் பெற்றோல் பம்ப் குளிர்வது அந்தப் பெற்றோலால்தான். காய விட்டால் பம்ப் எரிந்து போகும். கால் டாங்கி பெற்றோல் எப்போதும் இருக்கட்டும்.

ஐந்துக்கு நான்கு

இனி கணக்குக்கு வருவோம். ஒரு லீட்டர் கேஸில் உள்ள சக்தி ஒரு லீட்டர் பெற்றோலில் உள்ள சக்தியை விடக் குறைவு. பெற்றோலின் முக்கால் பங்குக்குச் சற்றுக் கூட என்று வைத்துக்கொள்ளலாம். எமது வேன் பெற்றோலில் லீட்டருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடியது. கேஸில் எட்டு ஓடியது. ஏழு வருடக் கொப்பியில் இதில் பெரிய மாற்றம் இல்லை.

இதிலிருந்து எளிய சூத்திரம் ஒன்று கிடைக்கிறது. ஒரு லீட்டர் கேஸின் விலை, ஒரு லீட்டர் பெற்றோல் விலையின் ஐந்தில் நான்கு பங்காக இருந்தால் இலாபமும் இல்லை நட்டமும் இல்லை. அதைவிடக் குறைந்தால்தான் இலாபம். பெற்றோல் 300 ரூபா என்றால் எல்லைக் கோடு 240 ரூபா. கேஸ் விலை கிலோவில் சொல்லப்பட்டால், கிலோ விலையை 0.55 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய லீட்டர் விலை வரும்.

“நானா, கேஸ் போட்டா செலவு பாதியாப் போகுமாம், உண்மையா?” என்று எமது பகுதியில் கடைகளுக்கு பிஸ்கட்டும் சவர்க்காரமும் விநியோகிக்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்டார். மனைவியின் நகையைக் கொடுத்தாவது பொருத்திவிடலாம் என்ற அவசரம் அவருக்கு. “பாதியாப் போன காலமும் இருந்திச்சு தம்பி, ஒரே நாள்ல அது இல்லாமப் போன காலமும் இருந்திச்சு” என்றேன்.

அவரிடம் காட்டிய கணக்கை இங்கும் தருகிறேன். வீட்டுச் சிலிண்டரின் விலையை வெறும் அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். 2021 செப்டெம்பரில் 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபா. லீட்டருக்கு ஏறத்தாழ 66 ரூபா. அப்போது 92 ஒக்டேன் பெற்றோல் 157 ரூபா. எல்லைக் கோடு 126 ரூபா. அதாவது நூறு ரூபா பெற்றோலில் ஓடும் தூரத்தை 52 ரூபா கேஸில் ஓடலாம். செலவு பாதி என்று சொன்னது அந்தக் காலத்துக்குச் சரி. 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் அதே சிலிண்டர் 2,675 ரூபாவானது. லீட்டர் 118 ரூபா. பெற்றோல் விலை மாறவில்லை. நூறு ரூபா பெற்றோல் ஓட்டத்துக்கு இப்போது 94 ரூபா கேஸ். ஒரு வருடத்தில் முதலை எடுத்துவிடலாம் என்று கணக்குப் பார்த்தவரின் கணக்கு ஒரே வாரத்தில் உடைந்தது.

2022 இல் இன்னொரு பாடம் கிடைத்தது. ஏப்ரலில் சிலிண்டர் 4,860 ரூபா. ஜூன் இறுதியில் பெற்றோல் 470 ரூபா. கடதாசியில் பார்த்தால் கேஸ் மலிவு. ஆனால் கேஸ் கப்பலுக்கும் டொலர் வேண்டும், பெற்றோல் கப்பலுக்கும் டொலர் வேண்டும். டொலர் இல்லாதபோது இரண்டும் சேர்ந்தே இல்லாமல் போயின. இரண்டு எரிபொருளில் ஓடும் வாகனம் இருந்தால் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றது கிடைக்கும் என்பது சாதாரண காலத்துக்குப் பொருந்தும். நெருக்கடிக் காலத்தில் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

முதல் எப்போது திரும்பும்?

அந்தத் தம்பியின் ஓட்டத்தை வைத்தே பார்ப்போம். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக எடுத்தவை. நீங்கள் உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாளொன்றுக்கு 100 கிலோமீற்றர், மாதம் 25 நாள். பெற்றோல் 300 ரூபா, கேஸ் 200 ரூபா. பெற்றோலில் பத்து லீட்டர், 3,000 ரூபா. கேஸில் பன்னிரண்டரை லீட்டர், 2,500 ரூபா. நாளுக்கு 500 ரூபா மிச்சம். மாதம் 12,500 ரூபா. பொருத்தும் செலவு இரண்டு இலட்சம் என்றால் பதினாறு மாதத்தில் முதல் திரும்பும். பொருத்துபவர் சொல்லும் கணக்கு இத்தோடு நின்றுவிடும்.

வியாபாரி இன்னும் இரண்டு வரி எழுத வேண்டும். கேஸ் நிரப்பும் இடம் அவரது பாதையிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் தள்ளி இருந்தால் போக வர பதினாறு. மாதம் ஏழு தடவை நிரப்பினால் 112 கிலோமீற்றர். அதற்கு 2,800 ரூபா. பில்டர், வால்வு இடைவெளி, பிளக் போன்ற வேலைகளுக்கு மாதம் 1,700 ரூபா ஒதுக்குவோம். மீதி 8,000 ரூபா. முதல் திரும்ப 25 மாதம்.

இப்போது கேஸ் விலையை மட்டும் 20 ரூபா கூட்டிப் பாருங்கள். நாளாந்த மிச்சம் 250 ரூபாவாகும். மாதம் 6,250. நிரப்பப் போகும் செலவும் சற்றுக் கூடும். எல்லாம் போக மிஞ்சுவது 1,500 ரூபாவுக்கும் குறைவு. இரண்டு இலட்சம் திரும்பப் பதினொரு வருடத்துக்கும் மேல் வேண்டும். இருபது ரூபாவில் இரண்டு வருடம் பதினொரு வருடமாகிறது. அடகு வைத்த நகை பதினொரு வருடம் காத்திருக்குமா?

ஜீப்புக்கும் ஒரு வரி. லீட்டருக்கு ஆறு கிலோமீற்றர் ஓடும் ஜீப், மாதம் 500 கிலோமீற்றர்தான் ஓடுகிறது என்றால் அதே விலையில் மிச்சம் மாதம் 4,100 ரூபா அளவில். வேறு செலவு எதையும் கழிக்காமலே நான்கு வருடம். ஆகவே கேஸ் இலாபம் தருவது நிறைய ஓடும் பெற்றோல் வாகனத்துக்கு. குறைய ஓடும் வாகனத்துக்கு அல்ல.

இடத்தின் கணக்கும் உண்டு. டாங்கி சரக்கு வைக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பெயார் டயர் இடத்தில் வட்ட டாங்கி வைத்தால் டயருக்கு வேறு இடம் தேட வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட விடயம்

பணக் கணக்கில் தவறினால் உழைத்துச் சரிசெய்யலாம். இதில் தவறினால் திருத்த முடியாது.

வீட்டுச் சிலிண்டரை வாகனத்தில் கட்டிக்கொண்டு ஓடுவது எந்த நிலையிலும் கூடாது. சமையல் சிலிண்டர் நிமிர்ந்து நின்று மேலிருந்து வாயுவைக் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. வாகன டாங்கி கீழிருந்து திரவத்தைக் கொடுப்பது. வாகன டாங்கியின் வால்வில், எண்பது வீதம் நிரம்பியதும் தானாக நிறுத்தும் அமைப்பும், குழாய் அறுந்தால் ஓட்டத்தை அடைக்கும் அமைப்பும், அமுக்கம் மிகைத்தால் வெளியேற்றும் அமைப்பும், என்ஜின் நின்றதும் மூடும் மின் வால்வும் இருக்கும். சமையல் சிலிண்டர் மோதலைத் தாங்கவோ குழாய் அறுந்தால் தானாக மூடவோ செய்யப்பட்டதல்ல. அதே வேனில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எண்பது வீதத்துக்கு மேல் நிரப்பச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். வெயிலில் திரவம் விரியும். விரிய இடமில்லாவிட்டால் அமுக்கம் தாறுமாறாக ஏறும்.

இந்த வாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் நிலத்தோடு தங்கும். எனவே கேஸ் வாகனத்தை நிலக்கீழ்த் தரிப்பிடத்திலோ கராஜ் குழியின் மேலோ கவனமின்றி நிறுத்தக் கூடாது. மூடிய வேனுக்குள் டாங்கி இருந்தால் வால்வைச் சுற்றி இறுக்கமான மூடியும், அதிலிருந்து வெளியே போகும் குழாயும் கட்டாயம் வேண்டும். கேஸ் மணம் வந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சுவிட்ச் எதையும் தொடாமல் கதவுகளைத் திறந்து, டாங்கி வால்வைக் கையால் மூடி, ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள்.

பத்திரங்கள்

வாகனப் பதிவுச் சான்றிதழில் எரிபொருள் வகை எழுதப்பட்டிருக்கின்றது. மாற்றம் செய்தால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிய வேண்டும். காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவித்து, ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு வாய்வார்த்தைக்குப் பெறுமதி இல்லை.

பொருத்த முன்னர் கேட்க வேண்டியவை

1. என் வாகனம் பெற்றோலா? என்ஜின் நல்ல நிலையில் இருக்கின்றதா? நோய் பிடித்த என்ஜினை கேஸ் குணப்படுத்தாது.

2. மாதம் எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறேன்? ஒரு மாதம் கொப்பியில் எழுதிய பிறகு பதில் சொல்லுங்கள்.

3. என் பாதையில் வாகன கேஸ் எங்கே நிரப்பலாம்? நேரில் போய், அங்கே நிரப்பும் ஓட்டுநர்களிடமே விசாரியுங்கள்.

4. இன்றைய கேஸ் விலை, பெற்றோல் விலையின் ஐந்தில் நான்கை விட எவ்வளவு குறைவு? 20 ரூபா கூடினாலும் கணக்கு நிற்குமா?

5. டாங்கி புதியதா? ஐக்கிய நாடுகளின் 67 ஆம் இலக்க ஒழுங்குவிதிக்கு அமைய அதில் முத்திரையும் தயாரித்த வருடமும் இருக்கின்றதா?

6. பொருத்துபவர் உத்தரவாதத்தை எழுதித் தருவாரா? இரண்டு வருடத்துக்குப் பின் ரெடியூசர் பழுதானால் உதிரிப்பாகம் அவரிடம் கிடைக்குமா?

இந்த ஆறுக்கும் தெளிவான பதில் கிடைத்தால், நிறைய ஓடும் பெற்றோல் வேனுக்கு கேஸ் நல்ல முதலீடாக அமையலாம். ஒன்றுக்காவது பதில் இழுபட்டால் பொறுத்திருங்கள். அந்தத் தம்பி இப்போது வேனில் ஒரு கொப்பி வைத்து ஒவ்வொரு நாளும் கிலோமீற்றரையும் லீட்டரையும் எழுதுகிறார். நகை இன்னும் வீட்டில்தான் இருக்கின்றது. எழுதத் தொடங்கிய முதல் மாதத்திலேயே, வெறுமையாகத் திரும்பி வரும் இரண்டு ஓட்டங்களை ஒன்றாக்கிச் செலவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டதாகச் சொன்னார். அதற்கு அவருக்கு ஒரு சதமும் செலவாகவில்லை.